விறகுக்குப் பின்னால் இருந்த பெல்ட்

மகனே,

நான் சுகமாக இருக்கிறேனா என்பதை அம்மாவிடம் கேட்டுக்கொள். ராகலையில் உன் அக்கா வீட்டில் சாப்பாட்டுக்கும் குறைவில்லை, குளிருக்கும் குறைவில்லை. கண்ணில் வெள்ளை விழுந்திருக்கிறது, நுவரெலியா ஆஸ்பத்திரியில் எடுத்துவிடலாம் என்கிறார்கள். அது கிடக்கட்டும். இந்தக் கடிதத்தோடு அம்மா உன் கையில் ஒரு பெல்ட்டையும் தருவாள். பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். நம் காரின் டிக்கியில், சாக்குக்கு அடியில், பழைய பேப்பரில் சுற்றி நான் வைத்துவிட்டு வந்த அதே ஸ்பேர் பெல்ட். அது எப்படி நம் குசினியில் விறகு அடுக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது? கால் முளைத்ததா? விறகை இழுத்த அம்மா பாம்பு என்று நினைத்து ஊரைக் கூட்டியிருக்கிறாள். நேற்று அதைப் பையில் போட்டுக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "ஒங்க மகன் இதை விறகோட விறகா வெச்சிருக்கான். அடுப்புல போடவா, கார்ல போடவான்னு கேட்டு எழுதுங்க" என்றாள். நான் எதையும் கேட்கப்போவதில்லை. எனக்கு விஷயம் தெரியும்.

வெள்ளிக்கிழமை நீ ஓட்டப்போகிற வாடகை ஹயர் மரியதாஸ் குடும்பத்துடையது. போகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நோர்வூட் வழியாக ஹட்டன் ஸ்டேஷன். அங்கிருந்து கோச்சியில் தலைமன்னார், பிறகு கப்பல், பிறகு இந்தியா, இனித் திரும்பி வராத பயணம். மரியதாசின் மூத்த மகள் ஜெயராணி, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் கொழுந்தெடுக்கிற தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் எல்லாரும் பீடத்தைப் பார்க்கும்போது நீ எந்தப் பக்கம் பார்க்கிறாய் என்பதை வெள்ளை விழுந்த கண்ணை வைத்துக்கொண்டே நான் கண்டுபிடித்துவிட்டேன். நான் ராகலைக்குப் புறப்பட்ட அன்று நீ பொனெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, "அப்பா, பெல்ட் வெடிச்சுப் போயிருக்கே, ஹட்டன் ஏத்தத்துக்குத் தாங்குமா?" என்று கேட்டாய். தாங்காது, ஸ்பேர் இருக்கிறது, மாற்று என்றேன். டிரைவராக இருப்பவன் அந்தப் பதிலைக் கேட்டால் நிம்மதியாவான். உன் முகம் விழுந்துபோனது. அதற்குப் பிறகுதான் ஸ்பேர் விறகுக்குப் பின்னால் போயிருக்கிறது. பழைய பெல்ட் ஏத்தத்தில் அறும், மாற்ற வேறு இருக்காது, கோச்சி போய்விடும், ஜெயராணி இங்கேயே இருந்துவிடுவாள். இதுதானே உன் திட்டம்?

எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் சிரிப்புத்தான் வந்தது, பிறகு கொஞ்ச நேரம் சிரிப்பு வரவில்லை. நேரில் பேசினால் நான் கத்துவேன், நீ வெளியே போய் டயரை உதைத்துக்கொண்டு நிற்பாய். அதனால்தான் எழுதுகிறேன். முதலில் பெல்ட்டைப் பற்றி எழுதிவிடுகிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஸ்டீயரிங் பிடித்தவன் நான், அதில் எனக்குத் தெரிந்தது உனக்கும் தெரிய வேண்டும். கார் இனி உன் பொறுப்பு.

நம் காரில் ஒரே ஒரு பெல்ட்தான். என்ஜின் சுற்றும்போது அந்த ஒன்றுதான் விசிறியையும் சுற்றுகிறது, தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது, பெட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற டைனமோவையும் சுற்றுகிறது. அது போனால் மூன்றும் ஒரே நேரத்தில் படுத்துவிடும். சமதரையில் கொஞ்ச தூரம் சமாளிக்கலாம். நம் ஊரில் சமதரை எங்கே இருக்கிறது? ஏத்தத்தில் தண்ணீர் கொதிக்கும், விடாப்பிடியாக ஓட்டினால் என்ஜின் தலையே வளைந்துவிடும். ஆனால் பெல்ட் சொல்லாமல் போகாது. உள்பக்கம் குறுக்கே வெடிப்பு விழும், ஓரம் நூல் நூலாகப் பிரியும், பக்கவாட்டுகள் கண்ணாடி மாதிரி மினுங்கும், காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது கீச்சென்று கத்தும், டைனமோவின் சிவப்பு லைட் அணையாமல் முழிக்கும். கத்துகிறதே என்று நம் டிரைவர்மார் சிலர் சவர்க்காரத்தைத் தேய்ப்பார்கள், மெழுகுதிரியைத் தேய்ப்பார்கள். சத்தம் நிற்கும். வியாதி அப்படியே இருக்கும். பெல்ட்டில் எண்ணெய் பட்டிருந்தால் எண்ணெய் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்து அதை முதலில் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் புதுப் பெல்ட்டும் ஊறிக் கெட்டுப்போகும்.

இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்ல வேண்டுமானால் உன் அத்தை ரோஸ்மேரியின் கதையைச் சொல்ல வேண்டும். அவள் இந்தியாவுக்குப் போன அன்று நீ ஹட்டனில் போர்டிங்கில் இருந்தாய். அவள் போனாள் என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும், எப்படிப் போனாள் என்று உன்னிடம் நான் சொன்னதில்லை.

அது பாண் ரொட்டிக்கும் கியூவில் நின்ற காலம். கடையில் கார் சாமான் எதுவும் கிடையாது. கொழும்பில் தேடினாலும் கிடைக்காது. நான் கார் ஓட்டிய வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் போகும்போது காரை என்னிடம் விட்டுப்போனார், அதோடு ஒரு புதுப் பெல்ட்டையும் விட்டுப்போனார். காரை விட அந்தப் பெல்ட்டை நான் பத்திரமாக வைத்திருந்தேன். மடிக்காமல், வெயில் படாமல், எண்ணெய் கிட்டேயே போகாமல், மேலே கொஞ்சம் முகப்பவுடர் தூவிப் பேப்பரில் சுற்றி வைத்திருந்தேன். உன் அம்மா அதைப் பார்த்து, "என் தாலிக்கொடியைக்கூட இவரு இப்படி வெக்கலை" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

உன் அத்தை புருஷன் சூசை மச்சான் தேயிலை ஃபெக்டரியில் ரோலர் மெசின்களைப் பார்க்கிறவர். தங்கமான மனுஷன், கை மட்டும் சும்மா இருக்காது. அவர்கள் புறப்படுவதற்கு முந்தின நாள்தான் ஃபெக்டரியில் ஆயுத பூசை. நாம் வேதக்காரர்கள்தான், ஆனாலும் ஃபெக்டரிப் பூசை எல்லாருக்கும் பொது. மெசின்களைக் கழுவி, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, கூரைக்கடியில் ஓடுகிற பெரிய தட்டைப் பெல்ட்களுக்கு வழுக்காமல் இருக்கப் பிசின் கட்டியைத் தேய்த்து விடுவார்கள். அன்றைக்கு மச்சான் மிச்சமிருந்த பிசின் கட்டியை எடுத்துக்கொண்டு நேரே நம் வீட்டுக்கு வந்தார். நாளைக்கு எங்களை ஏற்றிக்கொண்டு போகப்போகிற வண்டிக்கு நான் செய்ய வேறு என்ன இருக்கிறது என்று சொல்லி, காரைக் கழுவினார், பொனெட்டில் சந்தனம் வைத்தார், ஃபேன் பெல்ட்டுக்குச் சுற்றிச் சுற்றிப் பிசின் தேய்த்தார். நான் பெட்ரோலுக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், பெல்ட் கறுத்து மினுங்குகிறது. "மச்சான், இனி வழுக்கவே வழுக்காது பாருங்க" என்றார். அவர் முகத்தைப் பார்த்து எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

ஃபெக்டரிப் பெல்ட் தட்டையானது, வயிற்றால் பிடிக்கிறது, அதற்குப் பிசின் சரி. கார்ப் பெல்ட் கீழே ஒடுங்கியது, அது ஓடுகிற சக்கரத்தின் பள்ளத்துக்குள் இறங்கி இரண்டு விலாவாலும் பிடிக்கிறது. அதன் அடிப்பக்கம் பள்ளத்தின் அடியைத் தொடவே கூடாது. தொட்டால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், மாற்ற வேண்டியதுதான். விலாவில் பிசின் பட்டால் தூசி ஒட்டும், சூடேறும், ரப்பர் உரியும். சந்தனமோ பிசினோ மெழுகோ, எந்த நல்ல மனசோடு பூசினாலும் இந்தப் பெல்ட்டுக்கு ஆகாது. அது சுத்தமாகவும் காய்ந்தும் இருந்தால் போதும்.

மறுநாள் புறப்பட்டோம். முன்னால் மச்சான், பின்னால் ரோஸ்மேரி, அவள் மடியிலும் பக்கத்திலும் பிள்ளைகள், மேலே தகரப் பெட்டிகள். தோட்டமே ரோட்டுக்கு வந்து அழுதது. அவள் அழவில்லை. எனக்கு அவளைப் போக விட மனசே இல்லை, மகனே. கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். ஆனால் கட்டிக்கொடுத்த பெண், புருஷன் வீட்டார் எடுத்த முடிவு, அதில் அண்ணன்காரன் வாயைத் திறக்கக் கூடாது என்று நம் ஆட்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். இந்தியப் பிரஜை ஆகிறோம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து அன்றைக்கு வரைக்கும் நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. காரிலும் தட்டுமுட்டுச் சாமான்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனோம்.

டிக்கோயா தாண்டி ஏத்தம் பிடித்ததும் பெல்ட் கத்தத் தொடங்கியது. சிவப்பு லைட் எரிந்தது. ரப்பர் தீய்கிற வாடை வந்தது, பிறகு பட்டென்று ஒரு சத்தம். ஓரமாக நிறுத்தி பொனெட்டைத் தூக்கினால் ஒரே ஆவி. மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு, "நேத்துத்தானே மருந்து தேச்சேன்!" என்றார். "அதனாலதான் மச்சான்" என்றேன். பாவம், பக்கத்துத் தேயிலைக்குள் போய்ப் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நின்றுவிட்டார். ரோஸ்மேரி இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள். அறுந்த பெல்ட்டைப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள்.

"அண்ணே, மாத்துறதுக்கு வேற பெல்ட் இல்லைல்ல?" என்றாள்.

கேள்வி எப்படி வந்தது என்று பார். இருக்கா என்று அவள் கேட்கவில்லை. இல்லை என்று நான் சொல்ல வேண்டும் என்பதற்காகவே கேட்ட கேள்வி. கடையில் பெல்ட்டே கிடைக்காத காலம், இல்லை என்று சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நீ பொனெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு என்னைக் கேட்டாயே, அதே குரல்தான்.

"இருக்கு" என்றேன்.

நான் சொன்னது சரி. இன்றைக்கும் அதையே சொல்லுவேன். அவர்கள் இருந்த லயக் காம்பராவுக்குள் அன்று காலையிலேயே வேறு குடும்பம் சட்டி பானையோடு வந்து இறங்கிவிட்டது. தோட்டத்துப் புத்தகத்தில் பேர் வெட்டியாகிவிட்டது. கோச்சியைத் தவற விட்டிருந்தால் ரோஸ்மேரி என்னோடு இருந்திருக்க மாட்டாள், பிள்ளைகளோடும் தகரப் பெட்டிகளோடும் ரோட்டில் நின்றிருப்பாள். பெல்ட் அறுந்தால் கார் நிற்கும், அவ்வளவுதான். யார் வாழ்க்கையையும் அது நிறுத்தி வைத்துக் காப்பாற்றாது. மரியதாஸ் வீட்டு விஷயமும் இதேதான். ஜெயராணியை நிறுத்துவதாக நினைத்துக்கொண்டு நீ அவள் அம்மாவையும் சின்னத் தம்பிமாரையும் நடுரோட்டில் நிறுத்தியிருப்பாய். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அவளுக்கு உன்மேல் ஆசையா வரும்?

எப்படி மாற்றினேன் என்பதைக் கவனமாகப் படி. சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன், சுற்றுகிற பெல்ட் கிட்டே ஒருநாளும் கையைக் கொண்டுபோகாதே, தொங்குகிற சால்வையையும் கொண்டுபோகாதே. கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை, அது ஆறட்டும் என்று விட்டேன். டைனமோவைப் பிடித்திருக்கிற போல்ட்களையும், இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற அதன் கைப்பட்டியில் ஓடுகிற போல்ட்டையும் கழற்றாமல் தளர்த்தி மட்டும் விட்டு, டைனமோவை என்ஜின் பக்கமாகத் தள்ளினேன். சக்கரங்களின் பள்ளத்தில் ஒட்டியிருந்த மச்சானின் பிசினைப் பெட்ரோல் துணியால் வழித்துத் துடைத்தேன், அதற்குத்தான் நேரம் போனது. புதுப் பெல்ட்டை முதலில் கீழ்ச் சக்கரத்தில் மாட்டி, டைனமோவில் மாட்டி, விசிறியின் இலைகளை ஒவ்வொன்றாகத் தாண்டவைத்து விசிறிச் சக்கரத்தில் இறக்கினேன். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், ஏறும், ஆனால் உள்ளே நூல் அறுந்துவிடும். இனி டைனமோவை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு போல்ட்டை முறுக்க வேண்டும், அதற்கு இன்னோர் ஆள் வேண்டும். மச்சான் தேயிலைக்குள் இருந்தார். கவ்வாத்து வெட்டிப் போட்டிருந்த ஒரு தேயிலைக் கட்டையை எடுத்து டைனமோவுக்கும் என்ஜினுக்கும் இடையில் கொடுத்து, "ரோசு, இதைப் புடி. நான் சொல்றவரைக்கும் விடாத" என்றேன்.

அவள் பிடித்தாள். தன் முழுப் பலத்தையும் கொடுத்துப் பிடித்தாள். பெல்ட் விண்ணென்று நின்றது. "அவ்வளவு வேணாம், கொஞ்சம் விடு" என்றேன். ஏத்தத்துக்குப் பயந்து இறுக்கி வைத்தால் டைனமோவின் பெயரிங்கும் பம்பின் பெயரிங்கும் போய்விடும், தளர்த்தி வைத்தால் வழுக்கும். நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அமுக்கினால் அரை அங்குலம் தாழ வேண்டும், அதுதான் அளவு. அமுக்கிப் பார்த்து, முறுக்கி, "இப்ப விடு" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். அவள் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். தோளைத் தொட்டு இன்னொருமுறை சொன்ன பிறகுதான் விட்டாள். ஓடையில் தண்ணீர் எடுத்து, என்ஜினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ரேடியேட்டருக்கு ஊற்றிக்கொண்டு புறப்பட்டோம்.

ஹட்டன் ஸ்டேஷனில் ஒப்பாரிக் கோச்சி என்று சனங்கள் ஏன் பேர் வைத்தார்கள் என்பதை வெள்ளிக்கிழமை நீயே பார்ப்பாய். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆளுக்காள் கதறுகிற கூட்டத்துக்குள் நானும் ஒரு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"ஏண்ணே ஸ்பேர் பெல்ட் வெச்சிருந்தீங்க?"

"கார் வெச்சிருக்கவன் வெக்கணும்ல" என்றேன்.

"அண்ணன் ஒரு வார்த்தை, இருந்துடு ரோசுன்னு சொல்லுவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அவரும் அதைத்தான் பாத்தாரு. நீங்க சொல்லியிருந்தா எழுதியே குடுத்திருக்க மாட்டோம்."

"போக மாட்டேன்னு நீ சொல்லுவியான்னு நான் பாத்துக்கிட்டு இருந்தேன்டி" என்றேன். விசில் ஊதிவிட்டார்கள்.

மகனே, அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு வெடித்துப்போனது, மறைக்க மாட்டேன். உன் அத்தை இப்போது கோத்தகிரிப் பக்கத்தில் கொழுந்து எடுக்கிறாள், பிள்ளைகள் படிக்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறாள். அங்கே இருப்பது அவளுக்கு நல்லதா, இங்கே இருந்திருந்தால் நல்லதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பேச வேண்டிய நாட்களில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, கடைசியில் ரோட்டோரத்தில் ஒரு ரப்பர் பட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோமே, அது எந்த வகையிலும் நல்லதில்லை. நீயும் அங்கேதான் போய் நிற்கப் பார்க்கிறாய்.

ஆகவே நான் சொல்கிறபடி செய். நாளைக்கு ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டிவிட்டு, வெட்டுகிற நாளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போடச் சொல்லிவிட்டு, வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். இப்போது பெல்ட்கள் கடையில் வரிசையாகத் தொங்குகின்றன, நுவரெலியாவில் ஒரு ஸ்பேர் வாங்கிக்கொண்டு வருவேன், அதற்கும் விறகுக்குப் பின்னால் இடம் தேடாதே. சாயந்திரம் நானும் அம்மாவும் வெற்றிலை எடுத்துக்கொண்டு மரியதாஸ் வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்போம். சாமான் கட்டின வீட்டில் வந்து பெண் கேட்கிறானே என்று அவன் முறைப்பான், முறைக்கட்டும். அவள் காகிதம் இந்தியா என்கிறது, உன் காகிதம் சிலோன் என்கிறது, அதற்கு அலைய வேண்டியிருக்கும். சிங்களத்தில் பேசி ஒஃபீஸ் ஒஃபீஸாக அலைவது எனக்குப் பழக்கம், நான் அலைகிறேன். ஆனால் அவளுக்கு என்ன மனசு என்று உனக்கோ எனக்கோ தெரியாது. அதை நான் போய்க் கேட்க முடியாது. நான் வருவதற்குள் நீ கேட்டிருக்க வேண்டும்.

போகிறேன் என்று அவள் சொன்னால், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் நேரத்துக்குக் கொண்டுபோய் ஏற்றிவிடு, அவள் பெட்டியை நீயே தூக்கு. இருக்கிறேன் என்று சொன்னால், அம்மா அப்பாவை வழியனுப்ப அவளும் ஸ்டேஷனுக்கு வருவாள், திரும்பி வரும்போது வழியெல்லாம் அழுவாள், அவளைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். எது நடந்தாலும் அந்த ஏத்தத்தில் கார் நிற்கக் கூடாது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இப்போதே பொனெட்டைத் திற. கட்டையை அம்மா பிடிப்பாள். பெல்ட்டைப் போட்டு முடித்ததும், கையைக்கூடக் கழுவ நிற்காமல், ஜெயராணியிடம் போ.

அப்பா